நான் பிணமாக நடித்த படம்

அந்த வருஷம் எனக்குத் தாடி இருந்தது. அதனால்தான் என்னைப் பயாஸ்கோப்பில் பிணமாகப் படுக்க வைத்தார்கள்.

தாடி வைத்திருந்ததற்குக் காரணம் என் மனைவி கர்ப்பமாக இருந்ததுதான். மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, சவம் தூக்கக் கூடாது, மயானத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். முதல் இரண்டு தடவை நான் இதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. அந்த இரண்டு குழந்தைகளும் அவளுடைய பிறந்த வீட்டில் பிறந்தன. ஒன்று பதினோரு நாள் இருந்தது. மற்றது ஒரே நாள். இரண்டு தடவையும் எனக்குக் கல்கத்தாவுக்குத் தபால் கார்டு வந்தது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன், ஸ்நானம் செய்தேன், மறுநாள் ஆபீஸுக்குப் போனேன்.

மூன்றாவது தடவை அவள் ஊருக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை நான் எங்கேயும் போகலை. இங்கேயே இருக்கேன். நீங்க பார்க்காம ஒண்ணும் பிறக்க வேண்டாம்" என்றாள்.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஒரு வங்காளி அம்மாளின் வீட்டில் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அந்த அம்மாள் விதவை. அந்த ஊர் வழக்கப்படி நாங்கள் அவரை மாஷிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவோம். பிரசவத்துக்கு மருத்துவச்சி ஏற்பாடு செய்வதாகவும், தானும் கூட இருப்பதாகவும் மாஷிமா சொல்லியிருந்தார். ஆனால் பிறகு பத்து நாள் சமைக்க, தண்ணீர் பிடிக்க, துணி அலச வீட்டில் வேறு யாரும் கிடையாது. எனக்கு லீவு வேண்டும். எங்கள் கம்பெனியில் லீவு பெரிய பாபு என்கிற ஹெட் கிளார்க்கின் கையில் இருந்தது. துரை கையெழுத்துப் போடுவார், ஆனால் காகிதம் துரையிடம் போவதும் போகாததும் பெரிய பாபுவின் இஷ்டம்.

பேசும் படம் வராத காலம் அது. பெரிய பாபுவுக்கு ஒரு மைத்துனன் இருந்தான். பணக்கார வீட்டுப் பிள்ளை, சீமைக்குப் போய் வந்தவன். டாலிகஞ்சில் அவர்களுக்கு ஒரு தோட்ட வீடு. அங்கே சொந்தமாகக் கேமரா வாங்கி வைத்துக்கொண்டு ஒரு படம் பிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கொட்டகையில் ஓட்டுவதற்கு இல்லை, தனக்கும் தன் சிநேகிதர்களுக்கும்தான். ஒருநாள் ஆபீஸுக்கு வந்தவன் என் மேஜைக்கு எதிரில் நின்று என்னையே பார்த்தான். நான் தேயிலைப் பெட்டிகளின் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை மறைக்கும் தாடி, பின்னால் குடுமி, நெற்றியில் விபூதி. ஆபீஸில் எல்லோரும் என்னைச் சாதுபாபா என்று கேலி செய்வார்கள்.

"ஜாமாய்பாபு, எனக்கு வேண்டிய ஆள் இவர்தான்" என்று பெரிய பாபுவிடம் வங்காளத்தில் சொன்னான். "பாருங்கள், இப்போதே பாதி செத்த மாதிரிதான் இருக்கிறார்."

பெரிய பாபு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், சும்மா படுத்திருந்தால் போதும் என்றார். "உமக்கும் ஏதோ லீவு வேண்டும் என்றீரே, மொஷாய்" என்றும் சொன்னார்.

சிரிப்புப் படம் என்று சொல்லி, கதையை அந்தப் பிள்ளையே எனக்கு விவரித்தான். இரண்டு சிநேகிதர்கள். பணம் உண்டு, வேலை கிடையாது. நாள் முழுக்கப் பாஷா ஆடுகிறார்கள். பாஷா என்றால் நம் சொக்கட்டான்தான். ஜெயித்து ஜெயித்து அலுத்துப் போகிறது. அப்போது ஒருவன் சொல்கிறான், இனி பந்தயம் வைத்து ஆடலாம், தோற்றவன் ஒரு கொலை செய்ய வேண்டும், யாரை என்பது பற்றி அக்கறையில்லை. வழி கேட்க வந்த ஒரு யாத்ரீகன் அகப்படுகிறான். சர்பத்தில் விஷம் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த யாத்ரீகன்தான் நான்.

"இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள் செத்த பிறகுதான் சிரிப்பே ஆரம்பிக்கிறது" என்றான்.

எனக்கு மனசு சரியாக இல்லை. எங்கள் ஜனங்களுக்கு வைதிகம் செய்துவைக்கும் சாஸ்திரிகள் பவானிபூரில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"செத்த மாதிரி படுத்துக்கறதுக்குத் தீட்டு உண்டா?"

"எவ்வளவு நாழி?"

"ஒரு நாள். ஞாயித்துக்கிழமை."

"நடுவுல சாப்பிட விடுவாளா?"

"விடுவா."

"சாப்பிடற பொணத்துக்குத் தீட்டுன்னு நான் எங்கேயும் படிச்சதில்லை" என்றார். பிறகு பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "ஆனா ஓய், ஆத்துல மூணாவதா உண்டாயிருக்கா. வேண்டாமே" என்றார்.

"பெரிய பாபு சொல்லிட்டார்."

"அப்படீன்னா முழுகிட்டு ஆத்துக்குள்ள போங்கோ. அவள்கிட்ட சொல்லாதேங்கோ."

இரண்டையும் அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் கப்பல் கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினேன். அவள் வாசல் வரை வந்து நின்றாள். ஆறு மாதம் முடிந்து ஏழாவது. போகிற வழியில் காளி கோயில் தெரு முனையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே ஆடு வெட்டுவார்கள், அதனால் நான் எப்போதும் தெருவில் நின்றுதான் கும்பிடுவேன்.

தோட்ட வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். வெள்ளைத் துணிகளைச் சட்டத்தில் கட்டி வெயிலைத் திருப்பி எங்கள் முகத்தில் விழ வைத்தார்கள். ஒரு ஆள் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முதலில் சர்பத் காட்சி. உண்மையிலேயே எனக்குத் தாகம். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டுவிட்டேன். விஷம் குடித்தவன் கேட்கக்கூடாது என்பது மறந்து போயிற்று. அந்தப் பிள்ளை கையைத் தட்டினான். "அப்படியே இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்" என்றான். இரண்டாவது டம்ளரும் கொடுத்தார்கள். அதையும் குடித்துவிட்டு விழுந்து செத்தேன்.

அதன் பிறகு என்னை வராந்தாவில் கிடத்தினார்கள். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கள் தேசத்தில் பிணத்தை எப்படி வைப்பார்கள்?" என்று கேட்டான். தெற்கே தலை, தலைமாட்டில் விளக்கு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு ஆள் நூல் கொண்டுவந்து கட்டினான். விரலைச் சுற்றாமல் பாதத்தைச் சுற்றி, கீரைக்கட்டைக் கட்டுவது போலக் கட்டினான். என் அப்பாவுக்கு நான்தான் கட்டினேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, விரல் இரண்டையும் சேர்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு சுற்றுக் கொடுத்து, இறுக்கி முடிந்தேன். சரியாக இருக்கிறதா என்று விரலை ஆட்டிப் பார்த்தேன். அப்புறம் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று நினைத்தாலும், அந்த நேரத்தில் என் மனசில் பயமோ வீட்டு நினைப்போ எதுவும் வரவில்லை. முடிச்சு சரியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது. மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. நான் அசையவில்லை. அந்தப் பிள்ளை பிறகு பெரிய பாபுவிடம், கல்கத்தாவில் இவரைப் போல் யாராலும் சாக முடியாது என்று சொன்னானாம்.

மத்தியானம் என்னைத் தூக்கிச் சொக்கட்டான் விரிப்புக்கு எதிரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார், பிணத்தை மறைக்க இடமில்லை, அதனால் ஆட்டக்காரனாக உட்கார வைக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஆட ஆசைப்பட்டு உட்காருகிறார். என் முறை வரும்போது என் கை தானாக நழுவித் தாயக்கட்டை மேல் விழ வேண்டும். விழுந்தது.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் விட்டார்கள். பக்கத்தில் ஓடும் ஆதிகங்கையில் மூன்று முழுக்குப் போட்டு, காயத்ரி ஜபித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

"என்ன இது, ஆபீஸ்ல முழுகினேளா?" என்று கேட்டாள்.

"டிராம்ல ஒருத்தன் மீன் கூடையோட ஏறினான். மேல பட்டுடுத்து."

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டாளா மீனை" என்றாள். உடம்பு துடைக்கத் துண்டு கொடுத்தாள்.

அன்றைக்கு மோர்க்குழம்பு வைத்திருந்தாள். மாஷிமா கூரையில் காய்த்த பூசணிக்காய் ஒன்றை முழுசாகக் கொடுத்தாராம். நான் களைத்து வருவேன் என்று அதையே குழம்பில் போட்டிருந்தாள். நன்றாக இருந்தது. நான் இரண்டு தடவை விட்டுக்கொண்டேன். யார் வெட்டியது என்று கேட்கத் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயை எப்போதும் நான்தான் முதலில் பிளந்து கொடுப்பேன். பெண்கள் பிளக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கத்தி பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. இது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்.

எட்டாம் மாதம் அவளுக்கு வலி கண்டது. விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடிந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து ஸஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் நின்றதும் நானும் நிறுத்தினேன். மாஷிமா வெளியே வந்தார். "மேயே" என்றார். பெண் என்று அர்த்தம். பிறகு தன் கழுத்தைத் தொட்டு, விரலால் இரண்டு தடவை சுற்றிக் காட்டினார். கொடி சுற்றிக்கொண்டு வந்ததாம். குழந்தை அழவில்லை.

அவள் கேட்டபடியே நான் பார்த்தேன். தலையில் முடி நிறைய இருந்தது. என் பழைய வேஷ்டி ஒன்றில் சுற்றினேன். பல் முளைக்காத குழந்தைக்குத் தகனம் கிடையாது என்று சாஸ்திரிகள் சொன்னார். அவரும் நானும் போய்ப் புதைத்துவிட்டு வந்தோம். மயானத்துக்குப் போகக் கூடாது என்று இருந்தவன், போனதும் அப்படித்தான் போனேன். திரும்பி வரும் வழியில் ஆலமரத்தடியில் நாவிதன் உட்கார்ந்திருந்தான். இனிமேல் தாடிக்கு வேலை இல்லை. எடுத்துவிடு என்றேன். கண்ணாடி காட்டினான். முகவாய் மட்டும் வெளுத்திருந்தது.

பத்து நாள் லீவு பெரிய பாபு அன்றைக்கே கொடுத்தார். தீட்டும் பத்து நாள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தது. நான் சமைத்தேன், தண்ணீர் பிடித்தேன், துணி அலசினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஸ்வாமி படத்துக்கு முன் நிற்கும்போதும் வாய் சொல்லிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பகவானிடம் கேட்க ஒன்றும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

எட்டாம் நாள் அவள் படுக்கையில் இருந்தபடி சொன்னாள்.

"அன்னிக்குப் பூசணிக்காயை நான்தான் வெட்டினேன்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"நீங்க வர வரைக்கும் வெச்சிருக்கலாம். நீங்க பசியோட வருவேள்னு வெட்டிட்டேன். என் கையாலயே ரெண்டாப் பிளந்தேன்" என்றாள். "நான்தான் பண்ணினேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை, நான் விரலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதை இறக்கி வைத்திருப்பாள். ஆனால் அப்புறம் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். "அப்படியெல்லாம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அது யாரும் சொல்கிற வார்த்தை. அரிசியைத் திரும்பவும் ஒரு தடவை களைந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. கோபம் இல்லை. கேட்டால் பதில் உண்டு. தானாக ஒரு வார்த்தை கிடையாது. சமைப்பாள், எனக்குப் போடுவாள், பிறகு தட்டில் ஒரு பிடி போட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து, மருந்து மாதிரி விழுங்குவாள். தாளிப்பது கூட எனக்கு மட்டும்தான். தனக்கு வைத்துக்கொண்ட தண்டனை மாதிரி அதைச் செய்தாள். இரண்டு மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறும்படி ஆகிவிட்டாள். மாஷிமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பெண் இப்படியே இருந்தால் மழைக்காலம் தாண்டாது" என்று சொன்னார்.

நான் தினமும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். ஆபீஸிலிருந்து வரும்போது வார்த்தைகளைக் கூட வரிசைப்படுத்திக்கொள்வேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் போய்விடும்.

அப்போது பெரிய பாபு ஒரு கார்டு கொடுத்தார். படம் தயாராகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்ட வீட்டில் காட்டுகிறார்கள், நடித்தவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும். கார்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். நான் சொல்ல வேண்டாம், அவளே பார்த்துக்கொள்ளட்டும். பிறகு கேட்டால், பெரிய பாபு கட்டாயப்படுத்தினார், அவர்கள் கட்டிவிட்டார்கள், நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"பயாஸ்கோப்புக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

"சரி" என்றாள். என்ன படம் என்று கேட்கவில்லை.

மாஷிமாவும் வந்தார். அவருடைய தங்கை டாலிகஞ்சில் இருந்தாள், அவர் அங்கே இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. தோட்ட வீட்டுப் பெரிய ஹாலில் ஜன்னல்களை எல்லாம் மூடிக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்கள் கீழே. பெண்கள் பக்கவாட்டில் மூங்கில் தட்டிக்குப் பின்னால். என் மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

படம் ஓடியது. நான் வந்து வழி கேட்டேன். என் தாடியைப் பார்த்தே ஜனங்கள் சிரித்தார்கள். சர்பத் குடித்து, டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டபோது தட்டிக்குப் பின்னாலும் சிரிப்பு கேட்டது. அப்புறம் என்னைக் கிடத்தினார்கள். அந்த ஆள் நூலைச் சுற்றினான். சரி, இதோடு வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

வெட்டவில்லை. அன்றைக்கு நான் எழுந்து உட்கார்ந்தபோது கைப்பிடியைச் சுற்றுகிறவன் நிறுத்தவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைத் திரையில், ஆள் உயரத்துக்கு மேலே, பிணம் எழுந்து உட்கார்ந்தது. முகத்தைச் சுளித்து அந்த முடிச்சை அவிழ்த்தது. தன் கால் விரல்களைத் தானே சேர்த்து, இரண்டு சுற்று, நடுவில் ஒரு சுற்று, இறுக்கி முடிந்தது. விரலை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, திரும்பப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. ஹால் முழுக்கச் சிரிப்பு. பெரிய பாபு என் முதுகில் அறைந்தார். கட்டாயப்படுத்தினார்கள் என்று இனி சொல்ல முடியாது. யார் கட்டினது என்பதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

படம் முடிந்து வெளியே வந்தபோது அவள் பின்பக்கத்தில் கிணற்றடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டதாக மாஷிமா சொன்னார்.

டிராமில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தோம். குளத்தங்கரை வந்ததும் கேட்டாள்.

"அதை நீங்களே கட்டிண்டேளா?"

"நானேதான்."

"எதுக்கு?"

"அவன் தப்பாக் கட்டினான்."

"தப்பாக் கட்டினாக் கட்டிண்டு போறான். அவனுக்கு என்ன தெரியும், உங்களுக்கு என்ன வந்தது?"

நான் குளத்துப் படிகளைப் பார்த்தேன்.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"பூசணிக்காய் அன்னிக்கு."

சற்று தூரம் நடந்தாள்.

"அப்போ மீன் கூடை?"

"மீன் கூடை இல்லை."

அவள் நின்றாள். குளத்தில் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் மிஞ்சியதைச் சொன்னேன்.

"அதனால, நீ வெட்டினதால ஒண்ணும் ஆகலை. நான் பண்ணினதுதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ என்னைப் பத்தி என்ன நினைப்பியோன்னு சொல்லலை."

"மூணு மாசமா அதை நான் வெச்சிண்டிருக்கேன்" என்றாள். "திடீர்னு வந்து அது என்னுதுன்னா எப்படி?"

"என்னுதுதான்."

"நீங்க ஆத்துல இருந்திருந்தா நீங்க பிளந்திருப்பேள். நான் வெட்டியிருக்க மாட்டேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"ஆனா வெட்டினது நான்தானே. கத்தி என் கையிலதானே இருந்தது."

"நூல் என் கையில இருந்தது."

யாராவது கேட்டிருந்தால், சொத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"மாஷிமா கழுத்தைச் சுத்திக் காட்டினாளே. கொடி ரெண்டு சுத்துன்னு."

"எனக்கும் காட்டினா."

"அதை ரெண்டு பேரும் கேட்டுக்கவே இல்லை."

"இல்லை."

பாத்திரம் தேய்த்தவள் எழுந்து போய்விட்டாள்.

"பாதி நீங்க வெச்சுக்கோங்கோ" என்றாள். "பாதி என்கிட்ட இருக்கட்டும். முழுக்க நீங்க எடுத்துண்டு போக வேண்டாம்."

நான் தலையை ஆட்டினேன். இவ்வளவு பேசியும் எனக்கு நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. காலில் மட்டும், கட்டைவிரல் இரண்டும் மரத்துப்போன மாதிரி இருந்தது. செருப்புக்குள் ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே உள்ளே போகவில்லை. கொல்லையில் தண்ணீர் எடுத்து வைத்து, "முழுகிட்டு வாங்கோ" என்றாள்.

"அன்னிக்கே முழுகிட்டேன்."

"அது மீன் கூடைக்கு."

முழுகினேன். நான் வந்த பிறகு அவளும் தலைக்கு விட்டுக்கொண்டாள். புருஷன் செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே, அவளுக்கும் ஸ்நானம் வேண்டியதுதான். ஈரத் தலையை முடிந்துகொண்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அதை வைக்கும்போது கண்ணாடியில் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். விளக்கேற்றினாள். நான் ஸ்வாமிக்கு முன் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. தாளிக்கும் சத்தம் ஒரு தடவை கேட்டது, சற்றுப் பொறுத்து இரண்டாவது தடவையும் கேட்டது. இலை போட்டாள். எனக்குப் பரிமாறிவிட்டு, அன்றைக்கு எதிரிலேயே தன் தட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாதத்தைப் பிசைந்தாள். தண்ணீர் விடவில்லை. ரசம்தான் விட்டுக்கொண்டாள். நான் அவள் கையைப் பார்க்காமல் என் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"எல்லாரும் சிரிச்சா, இல்லையா, நீங்க ரெண்டாம் டம்ளர் கேட்டப்போ?" என்றாள்.

"சிரிச்சா."

"நானும் சிரிச்சேன்னு மாஷிமா சொன்னா. எனக்குத் தெரியலை." இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகு கேட்டாள். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு? நான் பார்க்கலையே."

இன்ஸ்பெக்டர் வந்ததையும், என்னைத் தூக்கி உட்கார வைத்ததையும், அவர் என்னோடு ஆடியதையும் சொன்னேன்.

"பொணத்தோடயா?"

"அவருக்குத் தெரியாது. ரொம்ப மரியாதையா, நீங்க ஆடுங்கோ, நீங்க ஆடுங்கோன்னார்."

"யாரு ஜெயிச்சா?"

"நான்தான்."

அவள் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு அதைச் சாப்பிட்டாள்.

"அப்போ தோத்தது இன்ஸ்பெக்டர். அவர் யாரையாவது கொல்லணுமே."

"அதுக்குள்ள அவருக்கும் சர்பத் குடுத்துட்டா. கடைசியில நாலு பேரும் விரிப்பைச் சுத்தி உட்கார்ந்திருக்கா. யார் உசிரோட இருக்கா, யார் இல்லைன்னே தெரியாது. வேலைக்காரன் வந்து எல்லாருக்கும் டீ வெச்சுட்டுப் போறான்."

"உங்களுக்குமா?"

"எனக்கும்."

"சரி" என்றாள். மோர்ப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள். "கொஞ்சம் எனக்கு வெச்சுட்டு விட்டுக்கோங்கோ."